கிலோ மூன்று ரூபாய்

1998இல் அக்கா கல்யாணத்துக்காக வீட்டை வெள்ளையடித்தபோது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி உள்ளே இருந்த காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். கிலோ மூன்று ரூபாய். பதினோரு கிலோ சொச்சம் இருந்தது என்று அப்பா சொல்லுவார். எனக்கு எடை நினைவில்லை. தராசுத் தட்டில் நிற்காமல் காகிதம் சரிந்து சரிந்து விழுந்ததும், கட்டுவதற்குச் சணல் பத்தாமல் நான் உள்ளே போய்க் கொடிக்கயிற்றை வெட்டிக்கொண்டு வந்ததும்தான் நினைவிருக்கிறது. பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அரிசி போட்டு வைத்திருக்கிறோம்.

ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, காரைக்குடியில் ஓர் அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர், ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரியாகக் கோக்கிறவர். பதினாலு வயசில் கேஸுக்கு, அதாவது எழுத்துப் பெட்டிக்கு, முன்னால் போய் நின்றவர், கண் மங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றார். தான் கோத்ததில் ஒரு பிரதியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். முதலாளிக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், மணமக்களுக்கு நண்பர்கள் அடித்துக் கொடுக்கும் வாழ்த்துமடல், நாடக நோட்டீஸ், மஞ்சுவிரட்டு நோட்டீஸ், கோவில் திருப்பணி வரவுசெலவு, பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்பு, சங்கத் தேர்தலில் ஒருத்தரை ஒருத்தர் திட்டி அடித்த துண்டுப்பிரசுரம், இதெல்லாம்தான் அந்தப் பதினோரு கிலோ. எதுக்கு இந்தக் குப்பை என்று அப்பத்தா கேட்டால் "கோத்தது நானு" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. ஐயா போன பிறகு பத்து வருஷம் பெட்டி பரணில் கிடந்தது, அப்புறம் வெள்ளையடிப்பு வந்தது.

போட்டதில் எனக்கு அப்போது துளி வருத்தம் இல்லை. வருத்தம் வந்தது பதிமூன்று வருஷம் கழித்து, சென்னை தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். நாடகப் பாட்டுகளைப் பற்றி எதையோ தேடிய நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, வெயிலுக்கு உள்ளே உட்காரலாம் என்று போனவன். அவர் முன்னால் விரித்துவைத்திருந்த ஒரு நாடக நோட்டீஸை எட்டிப் பார்த்தேன். ரோஜா நிறக் காகிதம், ஓரமெல்லாம் பொரிந்து அப்பளம் மாதிரி இருந்தது. மேலே பெரிய எழுத்தில் நாடகத்தின் பெயர், கீழே இரண்டு பக்கமும் விரல் நீட்டிக் காட்டும் கை பிளாக், அதற்கும் கீழே ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு என்று ஒரு வரி. அந்தக் கை பிளாக்கை எனக்குத் தெரியும். எங்கள் பெட்டியில் அந்தக் கை நூறு இருந்திருக்கும். (எல்லா அச்சுக்கூடத்திலும் அதே கைதான் இருந்தது என்று இப்போது தெரியும். அன்றைக்கு அது ஐயாவின் கை என்றே நினைத்தேன்.)

இந்த நூலகத்தின் கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் "கோட்டையூர்ப் புத்தகத்தையெல்லாம் அமெரிக்காக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றுதான் சொல்லுவார்கள். வாங்கியது உண்மை, கொண்டு போகவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பத்திரிகைக் கத்தரிப்புகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்தார், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பஞ்சாங்கம் எல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டையூருக்கே தேடிக்கொண்டு போனார்கள். 1992இல் அவர் காலமானபோது புத்தகமும் மற்றதுமாகச் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் அந்த வீட்டில் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தத்தையும் வாங்கியது. வாங்கி, கப்பல் ஏற்றாமல், இங்கேயே வைத்துப் பராமரிக்க ஏற்பாடு செய்தது. முதலில் சென்னை முகப்பேரில், பின்னால் தரமணியில். மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள், ஃபிலிம் அங்கே போனது, காகிதம் இங்கேயே நின்றது.

ஒரு பல்கலைக்கழக நூலகம் பணம் கொடுத்து வாங்கிய பொருளை வாங்கிய ஊரிலேயே விட்டுவைப்பது அந்தக் காலத்தில் சாதாரண யோசனை இல்லை. ஓலைச்சுவடியும் செப்பேடும் சிலையும் போன வழியைத்தான் நமக்குத் தெரியும். அதனால் "கொண்டு போயிட்டான்" என்று ஊர் நம்பியதில் தப்பில்லை, அதுதான் வழக்கம். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரன் வாங்காமல் இருந்திருந்தால் நாம் வாங்கியிருப்போமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பதினோரு கிலோவை வாங்கியது பேப்பர்கடை. கோட்டையூர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பஸ் தூரம்தான். அக்கா கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே அந்த ஒரு லட்சம் காப்பாற்றப்பட்டுவிட்டது, எங்களுக்கு அது ஒரு பேப்பர்ச் செய்தியாகக்கூட வந்து சேரவில்லை.

கோட்டையூரைப் பற்றி இங்கே கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன். அந்தச் சின்ன ஊரிலிருந்து மூன்று பேர். ஒருவர் அழகப்ப செட்டியார். 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், வெளியூர்களில் கல்லூரி தொடங்கப் பணக்காரர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேச, எழுந்து நின்று நான் தொடங்குகிறேன் என்றவர். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கல்லூரி ஆரம்பித்துவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பின்னால் வந்த பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர். இன்னொருவர் ஏ.கே. செட்டியார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர், உலகம் சுற்றிக் காந்தியைப் பற்றிய படச்சுருளைத் தேடித் தேடிச் சேர்த்து 1940இல் படமாக்கியவர், 'குமரி மலர்' நடத்தியவர். அந்தப் பத்திரிகையில் அவர் பழைய எழுத்துகளைத் தோண்டி எடுத்து மறுபடி போட்டதை, சேகரிப்பு வேலை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாமவர் பலகை எழுதிய முத்தையா. ஒருத்தர் பல்கலைக்கழகம் எழும்ப நிலம் கொடுத்தார். இன்னொருத்தரின் வீட்டைத் தேடிப் பல்கலைக்கழகம் கடல் தாண்டி வந்தது. ஊரில் முதலாமவருக்குச் சிலை இருக்கிறது, மூன்றாமவர் பெயரைச் சொன்னால் நான் கேட்டவரைக்கும் பாதிப் பேர் "எந்த முத்தையா?" என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குத் தரமணியிலிருந்து திரும்பியதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஐயா வேலை பார்த்த அச்சுக்கூடத்தில் அடித்தது எதுவாவது உலகத்தில் எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் கீழே அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கும். 1867ஆம் வருஷத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது, அடித்த புத்தகத்தை அரசிடம் பதிவும் செய்ய வேண்டியிருந்தது. அதனால் புத்தகங்களுக்கு ஏதோ ஒரு பதிவு உண்டு. 1954ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி போகும். கல்யாணப் பத்திரிகைக்கு? மஞ்சுவிரட்டு நோட்டீஸுக்கு? அதையெல்லாம் எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒரு ஊர் அன்றாடம் தன்னைப் பற்றி அடித்துக்கொண்ட காகிதத்தில் முக்கால்வாசி எந்தக் கணக்கிலும் வராதது. யாராவது ஒரு கிறுக்கர் சேர்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வடை மடித்துக் கொடுத்ததோடு சரி.

தேடும்போது முதல் சுவர் எழுத்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருக்கும், அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ழ-வுக்கு எல் எழுத்தின் கீழே கோடு, ள-வுக்கு அதே எல்லின் கீழே புள்ளி. நாம் போடும் இசட்-எச் எல்லாம் அங்கே எடுபடாது. ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள், அதனால் அழகப்பரின் நடுவில் வரும் 'க' ஜி இல்லை, கே. அதாவது அழகப்பரின் பெயரைத் தேட, அவரே கையெழுத்துப் போடாத ஒரு ஸ்பெல்லிங்கை அடிக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாசம் காரைக்குடியைப் பற்றி உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த அன்றைக்குக் கதவு திறந்தது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் ஒருவரிடமும் இல்லாத, 1960களின் ஒரு கோவில் குடமுழுக்கு மலர் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசியில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார், கோதுமை வழியாக. நிஜமாகவே கோதுமைதான். பி.எல். 480 என்று நம் அப்பா அம்மா தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த அந்த அமெரிக்கத் தானியத்துக்கு இந்தியா ரூபாயில் பணம் கொடுத்தது. அந்த ரூபாய் இங்கேயே தேங்கி நின்றது. அதில் ஒரு பங்கை வைத்து இந்தியப் புத்தகங்களை வாங்கி அங்கே அனுப்பலாம் என்று 1958இல் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டெல்லியில் அலுவலகம் போட்டது. நாவல், சிறுபத்திரிகை, ஸ்தல புராணம், மாநாட்டு மலர் என்று இந்த மொழி அந்த மொழி பார்க்காமல் வாங்கிப் பல பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ரேஷன் கடையில் நம் வீட்டார் வரிசையில் நின்று வாங்கிய கோதுமைக்குப் பதிலாக எங்கள் ஊர்க் கும்பாபிஷேக மலர் கப்பல் ஏறியிருக்கிறது. நல்ல பேரம்தான் என்பேன், கோதுமையை அன்றைக்கே தின்றாயிற்று, மலர் இன்னும் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் பார்க்க முடியாது. ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், பதிப்புரிமை தெளிவாகாததால் திறக்க மாட்டார்கள். நான் தேடும் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும். அந்த மலரை அச்சடித்த கமிட்டியில் இருந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, அந்தக் கமிட்டியே இல்லை. யாரிடம் போய் அனுமதி கேட்பது? பெட்டிக்குள் பணம் இருப்பது தெரிகிறது, சாவி யாரிடம் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது.

சொல்லைத் தேடுவதும் அவ்வளவு லேசு இல்லை. 1978க்கு முன்னால் அடித்த பெரும்பாலானவற்றில் பழைய லை, ணை, னை இருக்கும், கொம்பு தூக்கிய யானை மாதிரி. றா, ணா, னா எல்லாம் சுழித்துக்கொண்டு நிற்கும். பெரியார் 1935இலேயே 'குடி அரசு'வில் அவற்றை மாற்றிவிட்டார், அரசாங்கம் மாற்ற எம்.ஜி.ஆர். வர வேண்டியிருந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இந்தப் பழைய எழுத்துகளைக் கண்டால் திகைத்துப்போகிறது. 'தலைவர்' என்று தேடினால் வராது, அந்த இடத்தில் ஏதோ ஒரு குழப்பம் பதிவாகியிருக்கும். ஐயா இருந்திருந்தால் சிரித்திருப்பார். இந்த எழுத்துகளுக்கென்று கேஸில் தனிக் குழி உண்டு, இருட்டிலும் கை நேராக அங்கே போகும் என்று சொல்லியிருக்கிறார்.

மைக்ரோஃபிலிம் பார்க்கும் இயந்திரம் இதற்கு நேர்மாறு. அதற்கு எதுவும் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் நடிக்காது. 35 மில்லிமீட்டர் சுருளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பக்கம் பக்கமாக ஓடும், நீங்கள்தான் படிக்க வேண்டும். சரியான குளிரில் ஈரம் படாமல் வைத்தால் 500 வருஷம் நிற்கும் என்கிறார்கள். மரக்கூழில் படிகாரம் போட்டுச் செய்த காகிதம் தன் அமிலத்தாலேயே எரிந்து பழுப்பேறி ஐம்பது அறுபது வருஷத்தில் நொறுங்கிவிடும், அதைப் பார்க்கும்போது இந்த ஃபிலிம் சிரஞ்சீவிதான். சுற்றச் சுற்றத் தலை சுற்றும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி வரும். ஆனால் தேடாதது கண்ணில் படும். யுத்தகாலக் காகிதக் கட்டுப்பாட்டில் பத்திரிகைகள் மாசா மாசம் மெலிந்துகொண்டே போவதை நான் எந்தக் கட்டுரையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, சுருள் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துபோனதில்தான் தெரிந்தது.

இப்படி மூன்று நாலு வருஷம் விட்டு விட்டுத் தேடியதில் கையில் ஒரு நூறு பக்கம் நகல் சேர்ந்தது. எதுவும் ஐயா அச்சுக்கூடத்தில் அடித்ததுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நாலைந்தைத் தவிர. மற்றதெல்லாம் சுற்றுவட்டாரம். நகரத்தார் கல்யாணப் பத்திரிகைகள், காரைக்குடிப் பத்திரிகைகளின் பக்கங்கள், பர்மாக் கடை விளம்பரங்கள். 1920களில் ராய. சொக்கலிங்கன் 'ஊழிய'னும் சொ. முருகப்பா 'குமர'னும் நடத்திய ஊர் அது. அதற்கு முன்பே 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதி வந்திருக்கிறார். கையில் தடியோடு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அப்போது காரைக்குடியில் எடுத்தது. நமக்குக் கிடைத்திருக்கும் பாரதியின் முகத்துக்கு எங்கள் ஊரும் கொஞ்சம் பொறுப்பு.

அப்புறம்தான் உருப்படியான ஒரு காரியம் செய்தோம். நான் யோசித்ததில்லை, ஊரில் வாத்தியாராக இருக்கும் தம்பி ஒருவன் யோசித்தது. "அண்ணே, நீங்க மெட்ராஸ்ல உக்காந்து பாத்து என்ன பண்ணப் போறீங்க, ஊர்ல கொண்டாந்து ஒட்டுங்க" என்றான். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இலவசமாக வாங்கினான். நகல்களைப் பெரிதாக்கித் தெர்மாகோலில் ஒட்டிச் சுவர் ஓரமாக நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் கீழே பட்டியலில் இருந்த விவரத்தை நான் அழகாக டைப் செய்து ஒட்டியிருந்தேன். பேச்சாளர் இல்லை, குத்துவிளக்கு இல்லை. டீயும் பஜ்ஜியும் உண்டு.

நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். காலையில் பத்துப் பேர்தான் வந்தார்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது, காரணம் எண்பதைத் தாண்டிய ஓர் ஆச்சி. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது வடக்குத் தெரு வீடுல்ல" என்றார். எப்படி ஆச்சி தெரியும் என்றேன். விலாசத்தைப் பாரு என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டில் விலாசம் என்றால் முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள். அப்பா, ஐயா, அவருக்கும் மேலே என்று நாலைந்து தலைமுறையின் பெயர்த் தலைப்புகள் வரிசையாக நிற்கும். அதுவே கடைப் பெயர், அதுவே வீட்டுப் பெயர், ரங்கூனில் உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) எழுதினாலும் அதே எழுத்துதான். அமெரிக்கப் பட்டியல் முறையில் இதை இனிஷியல் என்று நினைத்துப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், சிலவற்றில் சுருக்கியும் விடுகிறார்கள். முத்தையா, சொக்கலிங்கம், ராமநாதன் என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் சமூகத்தில் விலாசத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யாருமே இல்லை. ஆச்சி பெயரைப் படிக்கவே இல்லை. எழுத்தை மட்டும் பார்த்து இது இந்த வீடு, இது அவுக பங்காளி, இது சுவீகாரம் வந்தவர், இவுக பர்மாவில் நெல்லுக்கு வட்டிக்கு விட்டு நிலமாகத் திரும்பி வாங்கிக்கொண்டு கடைசியில் அதையும் விட்டுவிட்டு வந்தவுக என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

அந்தக் கடைசி விஷயத்தின் அளவு என்ன என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் கட்ட முடியாமல் போக, 1930இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நிலம் 1938இல் 25 சதவீதம் ஆனது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் ஓட்டம். இந்த எண்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் ஆச்சி சொன்ன "நெலமா வந்துச்சு, அதான் போச்சு" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் அது என்ன மாதிரி நஷ்டம் என்று பிடிபட்டது. பணமாக இருந்தால் உண்டியலில் ஊருக்கு அனுப்பியிருக்கலாம், நிலத்தை எதில் அனுப்புவது? பக்கத்தில் நின்ற வேறொரு பெரியவர் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்களின் வரிசையையும், பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருந்த கிட்டங்கியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி ஒரு பாய் என்று இடம் ஒதுக்கியதையும் சொல்ல ஆரம்பித்தார். நான் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டே செல்போனில் பதிவு செய்தேன். பாதி இரைச்சல்.

என் மானம் போனதும் அங்கேதான். ஒரு கல்யாணப் பத்திரிகையின் கீழே நான் 1871 என்று ஒட்டியிருந்தேன். ஏதோ ஒரு பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ஆச்சி பார்த்தார். "யாரு போட்டது இந்த வருசம்?" என்றார். பத்திரிகையில் இருந்தது பிரஜோற்பத்தி வருஷம் என்று மட்டும். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அது திரும்பி வரும், 1871லும் பிரஜோற்பத்தி, 1931லும் பிரஜோற்பத்தி. பட்டியல் போட்டவர் ஒரு சுற்றுத் தள்ளிப் போட்டுவிட்டார், நானும் யோசிக்காமல் ஒட்டிவிட்டேன். "எங்க பெரியாத்தா கல்யாணம்டா இது. அவுக போயி இருவது வருசம்தான் ஆகுது" என்றார் ஆச்சி. 1871 என்றால் பெரியாத்தா நூற்று நாற்பது வயசு வரை இருந்திருக்க வேண்டும். கூடமே சிரித்தது. பேனாவை வாங்கி ஆச்சியே அடித்து எழுதினார்.

அந்தத் திருத்தத்தை, பட்டியல் போட்ட நூலகத்துக்கு எழுதிப் போட்டேன். நன்றி என்று பதில் வந்தது, கொஞ்ச நாளில் மாற்றியும் விட்டார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, பார்த்தே இராத ஊரின் காகிதத்தை ஒவ்வொன்றாக விரித்துப் படித்து, அதற்கு ஒரு வரி எழுதி வைத்தார்களே, அந்த வரி இல்லாவிட்டால் நான் அதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன், ஆச்சி திருத்தியிருக்கவும் மாட்டார். எனக்கு எரிச்சல் வருவது வேறிடத்தில். சேகரிப்பைக் காப்பாற்றுவதற்குக் காசு கிடைக்கிறது, ஸ்கேன் செய்யக் காசு கிடைக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய் அந்த ஊர்க்காரர் கண்ணில் காட்டி உட்கார்ந்து கேட்பதற்கு எவரும் காசு ஒதுக்குவதில்லை. ஆச்சி மாதிரி ஆட்கள் வருஷத்துக்கு நாலைந்து பேராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்கேனர் அடுத்த வருஷமும் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017இல் வந்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் 2004இலிருந்து நடக்கிறது, நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியை இணையத்தில் புரட்டுகிறவர்கள் பலரும் போய் நிற்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில்தான். எல்லாம் நல்ல காரியம். ஆனால் இதிலெல்லாம் போக்கு ஒரே திசையில் இருக்கிறது, காகிதம் உள்ளே போகிறது, படம் வெளியே வருகிறது. சொல் உள்ளே போகிற வழி இன்னும் ஆள் ஆளாக மெயில் போடுவதாகத்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஊரில் எனக்குப் புதிதாக ஒரு தொல்லை. வீட்டில் கிடக்கும் காகிதத்தையெல்லாம் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். ஐந்தொகை நோட்டு, பேரேடு, சம்பளச் சீட்டு, கருமாதிக் கடிதக் கட்டு. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இதற்கெல்லாம் இப்போது விலை உண்டு, பர்மாத் தேக்கு அலமாரியோடு சேர்த்து ஷோகேஸில் வைக்கப் பேரேடு கேட்கிறார்கள், அதனால் சிலர் என்னிடமும் விலை கேட்டார்கள். கொடுக்க என்னிடம் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. ஒரு வீட்டார் மட்டும் மஞ்சப் பையில் நாற்பது பத்திரிகைகளைப் போட்டுச் "சும்மா வச்சுக்கங்க, எங்களுக்குப் பரணைக் காலி பண்ணணும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பை இப்போது சென்னையில் என் பீரோவில் துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. அதில் ஒன்றில் கடைசி வரியில் ஐயாவின் அச்சுக்கூடப் பெயர் இருக்கிறது. அவர் கோத்ததா என்று தெரியாது, அங்கே கம்பாசிட்டர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

போன மாசம் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வாட்ஸப்பில் கேட்டாள். பெங்களூரில் இருக்கிறாளாம், வீட்டு வம்சவரிசை எழுதுகிறாளாம். "அண்ணா, அந்தப் பையில எங்க கொள்ளுத்தாத்தா கல்யாணப் பத்திரிகை இருக்கா பாருங்க. அவரோட அம்மா பேரு வீட்ல யாருக்கும் தெரியல." தேடி எடுத்தேன். அந்த அச்சுக்கூடத்தில் அடித்ததுதான். நாள், நட்சத்திரம், லக்கினம் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, ஐயா, பெரியப்பாமார், அவரவர் விலாசம், ரங்கூன் கடை, மோல்மேன் கடை எல்லாம் இருந்தது. நாதஸ்வரம் யார் என்று இருந்தது. மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தேன், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

மற்ற பத்திரிகைகளிலும் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.